கடைசி வரிசைக் குழாய்கள்

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘ச்சீச்சீ’. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் தோலை உரித்துவிடுவாள். எதைப் பார்த்தாலும் முதலில் மூக்கு சுருங்கும், அப்புறம் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு அந்தச் சொல் தானாக வந்து விழும். கை கழுவும் தொட்டியில் ஊறிக் கிடக்கும் ரொட்டித் துணுக்குக்கு ஒரு ச்சீ. சோப்பில் ஒட்டியிருக்கும் முடிக்கு ஒரு ச்சீ. பேசிக்கொண்டே பேனா மூடியால் காது குடையும் அலுவலகக் குமாஸ்தாவுக்கு இரண்டு. பேருந்தில் பின்னால் இருப்பவர் தும்மினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதி தூரத்தை நடந்து தீர்ப்பாள். கல்யாணமான புதிதில் கணவன் துவைக்காத காலுறையைத் தலையணைக்கு அடியில் செருகி வைத்தான் என்று ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தவள். பாவம் அந்த மனுஷன், இன்றுவரை காலுறையைக் கழற்றியதும் நேராகத் துவைக்கும் இயந்திரத்தைத் தேடி ஓடுகிறான்.

இத்தனைக்கும் அவள் பிழைப்பு ரத்தத்தில். கீழ்த்தளத்து மருத்துவமனையில் எடுக்கும் ரத்தம் சின்னச் சின்னக் குழாய்களில் மேலே அவள் அறைக்கு வரும். அவற்றை இயந்திரத்தில் போட்டுச் சுற்றி, சிவப்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் மஞ்சள் நீரைப் பிரித்து உறைய வைப்பது அவள் வேலை. ரத்தம் அவளுக்குக் குமட்டியதே இல்லை. “மூடி போட்டிருக்கு, பேரு எழுதியிருக்கு, பேசாம இருக்கு. மனுஷங்கதான் நாத்தம்” என்பாள். அவளுடைய மேசையில் பல்லி கூட வழுக்கி விழும், அவ்வளவு துடைத்து வைத்திருப்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கொஞ்ச காலம் குடியிலும் கூடாநட்பிலும் அலைந்து திரிந்து, கடைசியில் எச்.ஐ.வி.யோடு வீடு வந்து சேர்ந்தான். செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் அவள் மூக்கு சுருங்கும். பெற்ற தாயே அவன் படுத்த போர்வையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினாள். சித்தப்பா ஒருவர், எட்டுப் பேரைக் கூட்டி உட்கார்த்தி அறிவுரை சொல்கிற பெரிய மனுஷர், வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். அவர் போன பிறகு அந்தச் செய்தித்தாளை அவள் இரண்டு விரலால் தூக்கிப் போய்க் குப்பையில் போட்டாள். அன்றோடு சித்தப்பா குடும்பத்தைத் தலைமுழுகினாள்.

பிறகு எல்லோரும் பார்க்கத் தம்பியின் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள். அவன் குடித்து மிச்சம் வைத்த தேநீரைக் குடித்தாள். “தொட்டா ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டா ஒட்டாது. படிச்ச நாய்களுக்கே இது தெரியலைன்னா எனக்கென்ன?” என்று வீடு அதிரக் கத்தினாள். தம்பி அன்று அழுதான். குடியை விட்டதும் மாத்திரையை ஒரு நாள் தவறாமல் போட ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். ரத்தத்தில் வைரஸ் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அடங்கிய பிறகு, எல்லாம் தெரிந்தே ஒரு பெண் அவனைக் கட்டிக்கொண்டாள். ரொட்டிக் கடையில் கல்லாவில் உட்காரும் பெண். குடிகார அப்பனோடு வளர்ந்தவள். “நோயோட வாழ்ந்துடுவேன். குடியோட வாழ மாட்டேன். ஒரு தடவை குடிச்சாலும் கிளம்பிடுவேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தாள். தம்பியிடம் யாராவது “உனக்கு யார் இருக்கா?” என்று கேட்டால், மனைவி பக்கத்தில் இருந்தாலும், “அக்கா இருக்கா” என்றுதான் சொல்வான்.

கீழே மருத்துவமனையையும் மேலே ஆய்வையும் ஒருசேரக் கவனிப்பவர் டாக்டரம்மா. அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது உடம்பு போடும் கூச்சலை. கிருமி உள்ளே வந்தால் நம் அணுக்கள் சும்மா இருக்காது. சில புரதங்களை வெளியே விட்டு மற்ற அணுக்களைக் கூப்பிடும். சைட்டோகைன் என்று பெயர். வீட்டில் திருடன் புகுந்தால் “ஓடி வாங்க” என்று கத்துகிற மாதிரி. சாதாரணத் திருடன் என்றால் ஓடி வருகிற கூட்டத்தைப் பார்த்து ஓடிவிடுவான். இந்த வைரஸ் இருக்கிறதே, அந்த ஓடி வருகிறவர்களின் மடியிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு வீடே அந்த உதவி அணுக்கள்தான். கூச்சலில் சில குரல்கள் அது நுழையும் வாசலை மறித்து நல்லது செய்யும். சில குரல்களோ உள்ளே தூங்கிக் கிடக்கும் வைரஸைத் தட்டி எழுப்பி, ‘பெருகு’ என்று வேலைக்கு அனுப்பும். கேட்கும்போதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. உதவிக்குக் கூப்பிட்ட குரலையே தின்று கொழுக்கிற ஜந்து! சித்தப்பா ஞாபகம் வந்தது.

மாத்திரை போட்டு வைரஸ் அடங்கிய பிறகும் இந்தக் கூச்சல் முழுசாக ஓயாது. ஓயாத கூச்சல் இதயத்தையும் ரத்தக் குழாயையும் அரிக்கும். நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அது எவ்வளவு கூடுதல் என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு சாராரின் ரத்தமும் வந்துகொண்டிருந்தது. நோய் உள்ளவர்களின் குழாயில் கீழேயே ஒரு சிவப்பு வட்டம் ஒட்டி அனுப்புவார்கள்.

அவள் வேலை செய்கிற விதம் அவளுக்கே உரியது. குழாய்கள் வந்ததும் இரண்டாகப் பிரிப்பாள். சிவப்பு வட்டம் இல்லாதவை முன் வரிசை, இருப்பவை பின் வரிசை. முன் வரிசையைச் சுற்றி முடிப்பாள். அடுத்த பெட்டி வந்தால் அதிலும் வட்டமில்லாதவைதான் முதலில். எல்லாம் ஆனதும் மேசையைத் துடைத்து, கையைக் கழுவி, நிம்மதியாகத் தேநீர் குடித்துவிட்டு வருவாள். அப்புறம் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு சிவப்பு வட்டத்தைத் தொடுவாள். முடிந்ததும் ஒரேயடியாக எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம் பாருங்கள். வீடு கழுவும்போது கழிப்பறையைக் கடைசியில் வைத்துக்கொள்வதில்லையா, அதுபோல. குழாய்களைச் சுற்றி முடிக்க ஆய்வு விதி கொடுத்திருந்த அவகாசம் தாராளமானது. அதற்குள் எப்படியும் முடித்துவிடுவாள். அவளுடைய சுத்தத்தைப் பார்த்து வெளியிலிருந்து வந்தவர்கள் கூடப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

தம்பியையும் அந்த ஆய்வில் சேர்த்துவிட்டது அவள்தான். “கூட்டம் வர்றதுக்கு முன்னாடி மொத ஆளா வந்து ரத்தத்தைக் குடுத்துட்டு வேலைக்குப் போடா” என்று சொல்லியும் வைத்திருந்தாள். அவனும் ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும்போதே வந்து நிற்பான்.

ஒரு நாள் டாக்டரம்மா தம்பியையும் அவன் மனைவியையும் உட்காரவைத்துப் பேசினார். வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் அந்தக் கூச்சல் புரதங்கள் எகிறிக் கிடக்கின்றன, முந்தைய தடவைகளும் அப்படியே, மற்ற எல்லாரையும்விட அதிகம். வேறு தொற்று இல்லை. பல், நெஞ்சு எல்லாம் பார்த்தாயிற்று.

“குடிக்கறீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“சத்தியமா இல்லைங்க” என்றான்.

“குடிச்சாலும் இப்படி ஏறும். மறைக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் கேட்கறேன்.”

டாக்டரம்மா நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் பக்கத்தில் இருந்த பெண்ணின் முகம் அப்போதே இறுகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வாராததுமாகப் பையில் துணியை அடுக்கினாள். “எங்கப்பாவும் சத்தியம்தான் பண்ணுவாரு” என்று ஒரே வார்த்தை. தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ச்சீச்சீ விஷயம் கேள்விப்பட்டதும் தம்பி வீட்டுக்குப் பாய்ந்து வந்தாள். அவனைச் சுவரோடு நிறுத்தி, “ஊதுடா” என்றாள்.

ஊதினான். பற்பசை வாசனைதான் வந்தது. நாலு வீடு தள்ளி எரியும் அடுப்பைச் சொல்லிவிடுகிற மூக்கு அவளுடையது. அந்த மூக்கே ஒன்றும் இல்லை என்று சொல்லியும் அவள் நம்பவில்லை. எண் பொய் சொல்லாது என்று நினைத்தாள். அவள் கையால் பிரித்த ரத்தம் அல்லவா?

அடுத்த நாள் விடுப்பு போட்டுவிட்டு அவன் வீட்டைச் சல்லடையாகச் சலித்தாள். அன்று அவன் மறுபடி ரத்தம் கொடுக்கப் போயிருந்தான். அழுக்குத் துணிக் கூடையில் கைவிட்டாள். ஈரமும் வியர்வையும் கலந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. கழிப்பறைத் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே வழவழவென்று பாசி. கட்டிலுக்கு அடியில் ஒட்டடையும் உலர்ந்து போன கரப்பானும். குப்பைக் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முட்டை ஓடு, ஒழுகிய பால் உறை, பஞ்சு. பாட்டில் இல்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், மூன்றாம் தடவைக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. ‘ஒளிக்கிறதிலே கில்லாடி’ என்று பல்லைக் கடித்தாள்.

தம்பி வந்தபோது கவிழ்த்த குப்பைக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினான். “நீயாவது நம்புவேன்னு நினைச்சேன்” என்று மட்டும் குப்பையைப் பார்த்துச் சொன்னான்.

“நம்பற மாதிரியா நடந்துக்கறே? ச்சீ, உன்னைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவள் விடுப்பில் இருந்த அன்று பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒருவரை மாற்று ஆளாக அனுப்பியிருந்தார்கள். நகத்தை வெட்டாதவர். மேல்சட்டையில் நிரந்தரமாக ஒரு குழம்புக் கறை உண்டு. மதியத்தில் வாயைப் பிளந்து தூங்குவதால் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர். தன் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததற்கே திரும்பி வந்ததும் அதை இரண்டு முறை துடைத்தாள்.

சில நாளில் அன்றைய ரத்தத்தின் அளவுகள் வந்தன. தம்பியின் எண் விழுந்து கிடந்தது. ஓரளவு அல்ல, மற்றவர்களோடு மற்றவராக. அவன் ஒருவனுடையது மட்டுமல்ல. அன்று வந்த சிவப்பு வட்டம் அத்தனையும் தாழ்ந்திருந்தன. நோய் இல்லாதவர்களைவிடக் கூடுதல்தான், ஆனால் வழக்கமாகத் தெரிகிற வித்தியாசத்தில் பாதிக்கு மேல் காணோம்.

தூங்குமூஞ்சி எதையோ கெடுத்துத் தொலைத்திருக்கிறார் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வரிந்து கட்டிக்கொண்டு போய் எழுப்பினாள்.

“அன்னைக்கு என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

அவர் கொட்டாவி விட்டார். “என்ன பண்ணுவாங்க மேடம்? வந்துச்சு, சுத்தினேன். வந்துச்சு, சுத்தினேன்.”

“எந்த வரிசையில?”

“வந்த வரிசையில.”

“சிவப்பு வட்டம் போட்டது?”

“அதுவும் ரத்தம்தானே மேடம். எல்லா ரத்தத்தையும் ஒரே மாதிரிதான் நடத்தணும்னு சுவத்துல ஒட்டியிருக்கே. தனியா பிரிச்சு வைக்க எனக்குச் சோம்பேறித்தனம்” என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்தார்.

அவள் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம் அது. குழாய்க்குள் வந்த பிறகும் அணுக்களுக்கு உயிர் இருக்கும். சுற்றிப் பிரிக்காமல் அறைச் சூட்டில் நிற்க வைத்தால், ஏதோ ஆபத்து என்று குழாய்க்குள்ளேயே கத்த ஆரம்பித்துவிடும். அந்தப் புரதங்கள் மஞ்சள் நீரில் கலந்து அளவை ஏற்றும். வெகுநேரம் நின்றால் அதிகம் ஏறும். விதி கொடுத்த அவகாசத்துக்குள்தான் அவள் முடித்தாள். ஆனால் தினமும், தவறாமல், ஒரே கூட்டத்தின் ரத்தத்தை மட்டும் காக்க வைத்தாள். அதிலும் முதல் ஆளாக வந்து, கடைசி வரிசையில் எல்லோரையும்விட நேரம் நின்றது யாருடைய ரத்தம்?

தன் தம்பியுடையது. அவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அது குழாயில் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. குடிகாரன் என்று அவனுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது அந்தத் தேநீர்.

கையைக் கழுவினாள். கையுறை போட்டு, கழற்றி, மறுபடி கழுவினாள். உள்ளங்கை சிவக்கும்வரை தேய்த்தும் கை சுத்தமான மாதிரியே இல்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள்மேல் துப்பிய அந்த ‘ச்சீ’ முதல்முறையாக அவள் மூஞ்சியிலேயே வந்து அப்பியது.

டாக்டரம்மாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டுவார், வேலை போகும் என்று தயாராகத்தான் போனாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“வட்டம் ஒட்டச் சொன்னதே நான்தான். யாருடைய ரத்தம்னு உங்களுக்குத் தெரியவே கூடாது, அதுதான் முறை. நீங்க பிரிச்சு அடுக்கறதை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். எவ்வளவு சுத்தமா வேலை பார்க்கறாங்கன்னு சந்தோஷப்பட்டுட்டுப் போயிருக்கேன்.” அவர் முகமும் கோணிக்கொண்டது. “இதுவரைக்கும் எழுதினதையெல்லாம் தூக்கிப் போடணும். அதை நான் பார்த்துக்கறேன். உங்க தம்பிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

அவள் சிவந்துபோன உள்ளங்கையைப் பார்த்தாள்.

“மெஷின் கோளாறுன்னு சொல்லிடுங்களேன். நானும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவருக்கு நீங்கன்னா உயிர். அதை ஏன் உடைக்கணும்?”

அவளுக்கும் அதுவே நல்ல வழியாகப் பட்டது. படட்டுமே! யார்தான் தன் மூஞ்சியில் தானே கரி பூசிக்கொள்வார்கள்? தம்பியின் குடும்பம் ஒட்டினால் போதும், எப்படி ஒட்டினால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அன்று மாலையே தம்பியை இழுத்துக்கொண்டு அவன் மனைவியின் அக்கா வீட்டுக்கு மாடியேறினாள்.

அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே விட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

“தப்பு நடந்துபோச்சும்மா” என்றாள் ச்சீச்சீ. “மெஷின் கோளாறு. மறுபடி பார்த்ததிலே எல்லாம் சரியா இருக்கு. இவன் குடிக்கவே இல்லை.”

“இவருக்கு மட்டுமா கோளாறு வந்துச்சு?”

“அது… சில பேருக்கு வந்துச்சு.”

“எந்தச் சில பேருக்கு அண்ணி?”

கல்லாவில் உட்கார்ந்து கள்ள நோட்டைத் தடவிப் பார்த்தே சொல்கிற பெண் அவள். அவளிடம் இது செல்லுமா? “எங்கம்மாவும் இப்படித்தான் எங்கப்பாவுக்காகப் பொய் சொல்லுவாங்க” என்றாள். “உங்க தம்பியை நீங்க காப்பாத்தறீங்க. தப்புன்னு சொல்லலை. ஆனா நான் வரலை. நீங்க போங்க.”

தம்பி வாசலைப் பார்த்தான். கிளம்பத் தயாராகிவிட்டான். கெஞ்சக்கூட இல்லை. அவன் அப்படி நின்ற விதத்தைப் பார்த்ததும் அவள் வாயில் இருந்த பொய் புளித்துப்போனது.

“மெஷின் கோளாறு இல்லை” என்றாள். “நான்தான்.”

சொன்னாள். இரண்டு வரிசை, தேநீர், புதுக் கையுறை, நின்றுகொண்டே இருந்த குழாய்கள், எல்லாவற்றையும். தம்பி பக்கம் திரும்பாமல் அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னாள்.

அந்தப் பெண் நம்பினாள். இப்படி ஒரு பொய்யை யாரும் தனக்கு எதிராகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். அழுகை அடங்கியதும் நிமிர்ந்து கேட்டாள்.

“ஏன் அண்ணி கடைசியில வெச்சீங்க? அதுல எதுவும் ஒட்டாதுன்னு எல்லாருக்கும் சொன்னதே நீங்கதானே?”

பாதுகாப்புக்காக என்று சொல்ல வாயெடுத்தாள்.

“அருவருப்பா இருந்துச்சு” என்றாள்.

தம்பி கத்துவான் என்று எதிர்பார்த்தாள். காறித் துப்பட்டும், கன்னத்தில் ஒன்று விடட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். அவன் மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்து அவளிடம் நீட்டினான். அதை வாங்கியதும் அவள் அழுதுவிட்டாள்.

“அழாதக்கா” என்றான். “பல் பிடுங்கப் போனா கடைசி ஆளா கூப்பிடுவாங்க. முடி வெட்டப் போனா வேற கத்தி எடுப்பாங்க. இதெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. உன்கிட்டேருந்து வரும்னுதான் நினைக்கலை.”

பிறகு மனைவியின் துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.